நூலகத்துக்கு வந்த பியானோ

நாங்கள் கொடைக்கானலுக்கு வந்தது என் கணவரின் வேலைக்காக. சில வருடங்களில் மாற்றல் வந்துவிடும் என்று நம்பி, பாதிச் சாமான்களைத் திண்டுக்கல் வீட்டிலேயே விட்டுவிட்டுத்தான் மலையேறினோம். மாற்றல் வரவில்லை. அவர் ஓய்வும் பெற்றுவிட்டார், இன்னும் இங்கேதான் இருக்கிறோம். மகள் கோயம்புத்தூரில் கல்லூரியில் சேர்ந்த வருடம் எனக்குப் பகல் பொழுது போகவே இல்லை. எங்கள் பகுதிக் குடியிருப்போர் சங்கம் நடத்தும் நூலகத்துக்கு அப்போது ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். அதற்கான படிப்பு எதுவும் நான் படிக்கவில்லை என்று சொன்னேன்.

"கதவைத் தெறந்து வெக்கணும், மழைத்தண்ணி உள்ள வராமப் பாத்துக்கணும். மத்ததெல்லாம் போகப் போகப் பழகிரும்" என்றார் சங்கத் தலைவர். சேர்ந்துவிட்டேன்.

பஜாரிலிருந்து ஏரிக்கு இறங்கும் சாலையில், சாலை மட்டத்துக்குக் கீழே இருக்கிறது அந்தக் கட்டடம். ஒரு நீளக் கூடம், பின்னால் சின்ன அறை, மேலே தகரக் கூரை. புத்தகங்களில் பாதி, ஊரை விட்டுப் போனவர்கள் கொடுத்தவை. வீட்டைக் காலி செய்யும்போது கட்டிலுக்கும் பீரோவுக்கும் ஆள் கிடைத்துவிடும், புத்தகத்துக்குக் கிடைக்காது. அதனால் எங்களிடம் வரும். துப்பறியும் நாவல்கள், ரோஜா வளர்ப்பு, வாரப் பத்திரிகையிலிருந்து பிரித்துத் தைத்த தொடர்கதைகள், பைபிள் விளக்கம், ஜோதிடம் எல்லாம் தோளோடு தோள் உரசி நிற்கும். என் வேலையில் முக்கால்வாசி ஈரத்தோடு மல்லுக்கட்டுவதுதான். ஐப்பசி, கார்த்திகையில் ஜன்னலைச் சாத்த மறந்தால் மேகம் உள்ளே வந்துவிடும். அலமாரிகளுக்குள் சின்ன பல்புகளை எரியவிட்டு வைப்போம். அந்தச் சூட்டில் பூஞ்சை கொஞ்சம் அடங்கியிருக்கும்.

தினமும் வருகிறவர்கள் சிலர்தான். அதில் முதலாவது ஆள் பாய். பஜாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர். கடையை மகன்களிடம் விட்ட பிறகு, காலையில் ஒரு நடை கடைக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு நேராக இங்கே வருவார். வெள்ளைச் சட்டை, மேலே சாம்பல் நிற ஸ்வெட்டர், காதை மூடும் கம்பளிக் குல்லா. முதலில் இரண்டு செய்தித்தாள், பிறகு ஒரு புத்தகம். கப்பல் வருகிற எந்தப் புத்தகத்தையும் விடமாட்டார். கடலை அவர் இரண்டு முறையோ மூன்று முறையோதான் பார்த்திருக்கிறாராம். நூலகத்தின் டியூப்லைட்டுகள் எல்லாம் அவர் கடையிலிருந்து வந்தவை. கூரை ஒழுகினால் மகன்களில் ஒருவரை ஏணியோடு அனுப்புவார்.

அவருக்குச் சத்தம் மட்டும் ஆகாது. யாராவது இருமினால் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். இரண்டு பேர் நின்று பேசினால், "வெளிய நல்ல வெயில் அடிக்குதே, அங்க நின்னு பேசலாமே" என்பார். கோபமாகச் சொல்ல மாட்டார். ஆனாலும் பேசுகிறவர்கள் போய்விடுவார்கள். நானே பீரோ சாவியைத் துணியில் சுற்றி வைக்கப் பழகிக்கொண்டேன்.

இப்படி இருந்த இடத்துக்குத்தான் பியானோ வந்தது.

ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு பங்களாவில் தனியாக இருந்த அம்மாள், பெங்களூரில் மகனோடு போய் இருக்க முடிவு செய்தார். கல்லூரிப் பேராசிரியராக இருந்தவர். அவரிடம் சுவர் முழுக்கப் புத்தகம். நாங்கள் ஆசைப்பட்டு வாங்க முடியாமல் விட்டவை பலவும் அதில் இருந்தன. எல்லாவற்றையும் நூலகத்துக்குத் தருகிறேன் என்றார், பியானோவையும் எடுத்துக்கொண்டால்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் போகும்" என்றார். "புத்தகத்தை மட்டும் எடுத்துட்டு இதை விட்டுட்டுப் போனா, வீடு வாங்கறவர் இதை ஓட்டலுக்குப் போடுவார். அங்க மேல பூத்தொட்டி வைப்பாங்க."

சங்கக் கூட்டத்தில் பேச்சு எழுந்தது. பாயும் கமிட்டியில் இருந்தார்.

"லைப்ரரின்னா வாசிக்கிற எடம். அந்த பங்களா மேடம் வேற வாசிப்பைக் கொண்டாரேங்கிறாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "புத்தகத்தை எடுங்க. அந்தப் பொட்டிய விட்டுருங்க."

நான் பியானோவை எடுத்தே ஆக வேண்டும் என்று பேசினேன். எனக்குப் புத்தகம் வேண்டும், அதைவிட நூலகத்துக்குள் ஆட்கள் வர வேண்டும். சில நாட்களில் பாயும் நானும் மட்டும் அந்தக் கூடத்தில் இருப்போம். பியானோவைப் பார்க்கவாவது நாலு பேர் படியிறங்கி வருவார்கள் என்பது என் கணக்கு. கடைசியில் பூட்டியே வைப்பது என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்கள்.

பூண்டி கிராமத்திலிருந்து மார்க்கெட்டுக்கு வெள்ளைப்பூண்டு கொண்டுவரும் பிக்கப் வண்டிக்காரர் ஒருவர், திரும்பும்போது வெறும் வண்டியாகத்தான் போகிறேன் என்று ஏற்றிக்கொண்டார். பூண்டு மூட்டைமேல் போடும் தார்ப்பாயையே பியானோவுக்கும் போர்த்தினார். படியில் இறக்க எங்கள் தெரு ஆண்கள் அத்தனை பேரும் வந்தார்கள். ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். "வெரசாப் பிடிங்க, கை வழுக்குது" என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் "மெதுவா, மெதுவா" என்றார். உள்ளே கம்பிகள் முனகின. ஒருவழியாகக் கூடத்தின் வடக்குச் சுவரோரம் கொண்டுபோய் வைத்தோம். கூடம் முழுக்கப் பூண்டு மணம். அது போக நாளாயிற்று. பாய் அன்று வரவில்லை. அடுத்த நாள் வந்து, அதுவரை வடக்குச் சுவரோரம் இருந்த தன் நாற்காலியை எதிர்ச் சுவரோரம் மாற்றிப் போட்டு உட்கார்ந்தார்.

பியானோவுக்கும் ஈரம் ஆகாது என்று அந்த அம்மாள் சொல்லியிருந்தார். அதன் கீழ்க் கதவைத் திறந்து உள்ளே ஒரு பல்பு போட்டோம். மற்றபடி அது பூட்டியேதான் இருந்தது. நான் எதிர்பார்த்தபடி கூட்டம் ஒன்றும் வரவில்லை.

பிறகு சிஸ்டர் வந்தார். ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்க்கிற பெண், முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கும். உறுப்பினராகச் சேர்ந்து ஒரு நாவலை எடுத்துக்கொண்டவர், கதவு வரை போய்த் திரும்பி வந்தார்.

"அக்கா, அது சும்மா அலங்காரத்துக்கா, வாசிக்கலாமா?"

"உங்களுக்கு வாசிக்கத் தெரியுமா?"

"ஹாஸ்டல்ல படிச்சேன். பிறகு தொடவே இல்லை. இப்ப விரலுக்கு விளங்குமோ என்னவோ."

அவர் அம்மாவின் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து இந்த மலையில் குடியேறியது. ஊரில் மிஷன் பள்ளி ஹாஸ்டலில் சேர்த்துப் படிக்க வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வாசிக்க ஆள் வேண்டும் என்று அங்கே கற்றுக்கொடுத்தார்களாம். நர்ஸிங் படிப்பு, வேலை, கல்யாணம் என்று ஆன பிறகு ஒரு பியானோவுக்குப் பக்கத்தில் நிற்கக்கூட வாய்க்கவில்லை.

பாய் வீட்டுக்குப் போயிருந்த நேரம். சாவியை எடுத்துக் கொடுத்தேன். அவர் உட்கார்ந்து, கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, ஒரு பாட்டைத் தொடங்கினார். நடுவில் தடுக்கியது. மறுபடியும் முதலிலிருந்து வந்தார். மூன்றாவது தடவை தடுக்காமல் முடித்தார். முடித்ததும் மூடியைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். அழுகிறாரோ என்று பார்த்தேன். இல்லை, சிரித்துக்கொண்டிருந்தார்.

சங்கத்தில் சொல்லி, வாரத்தில் இரண்டு சாயங்காலம் அவருக்கு ஒதுக்கினோம். சாலையில் போகிறவர்கள் முதலில் படியின் மேலிருந்து கேட்டார்கள். பிறகு இறங்கி வந்தார்கள். டாக்ஸி ஸ்டாண்டில் சவாரிக்குக் காத்திருக்கும் டிரைவர்கள், பள்ளியில் பிள்ளையை அழைக்க வந்த தாய்மார்கள், ஸ்வெட்டர் கடைப் பெண்கள். கர்நாடக சங்கீதம் பாடுகிற ஒரு வங்கி ஊழியர் தானும் வரலாமா என்று கேட்டார். அவருக்கு வேறொரு நாள் கொடுத்தோம். வந்தவர்களில் சிலர் புத்தகமும் எடுத்தார்கள். நான் நினைத்தது நடந்துவிட்டது என்று சந்தோஷமாக இருந்தேன்.

பாய் முதலில் சில சாயங்காலங்கள் உட்கார்ந்து பார்த்தார். பிறகு தன் நேரத்தை மாற்றிக்கொண்டார். வெள்ளனே வந்து மத்தியானமே போய்விடுவார். ஒரு நாள் பாட்டுக் கேட்க வருகிறவர்கள் நேரத்துக்கு முன்னாலேயே வந்து பேசிக்கொண்டிருந்தார்கள். பாய் புத்தகத்தை மூடினார்.

"மேடம், ஒண்ணு கேக்கட்டுமா? இது லைப்ரரியா, கல்யாண மண்டபமா?"

"வாரத்துல மூணு நாள்தானே பாய்" என்றேன்.

"சரிங்க" என்றார். புத்தகத்தை அலமாரியில் அதன் இடத்தில் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வரவில்லை.

ஒரு வாரம் பார்த்தேன். இரண்டு வாரம் பார்த்தேன். செய்தித்தாள்கள் மடிப்புக் கலையாமல் கிடந்தன. கடைக்குப் போய்க் கேட்டால், "அத்தா வீட்டுலதான் இருக்காங்க. வெளிய வரமாட்டேங்கிறாங்க, என்னன்னும் சொல்லல" என்றார் பெரிய மகன். கோபம் என்றால் நேரில் போய்ப் பேசிவிடலாம் என்று நினைத்தேன். புதிதாக வந்த புத்தகங்களில் கப்பற்பயணம் பற்றிய ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். கடைக்கு மேலேயேதான் வீடு. அவர் மனைவி கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்.

பாய் புத்தகத்தை வாங்கிப் பிரித்துப் பார்த்தார். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். பியானோ பிடிக்கவில்லையென்றால் கமிட்டியில் மறுபடியும் பேசலாம், அதற்காக வராமல் இருக்க வேண்டாம் என்றேன். அவர் புத்தகத்தை மூடி மடியில் வைத்தார்.

"பியானோ மேல எனக்கு ஒண்ணும் கோவமில்ல மேடம்" என்றார் பிறகு. "காதுக்குள்ள ஒரு சில்வண்டு குடியேறிருச்சு. ரெண்டு வருசமாச்சு. நிக்கவே மாட்டேங்குது."

எனக்கு முதலில் புரியவில்லை.

"கீங்னு ஒரே சத்தம். வேற யாருக்கும் கேக்காது. நாலு பேரு பேசினா, அவங்க பேச்சையும் இதையும் பிரிக்கிறதுக்கே என் புத்தியெல்லாம் போயிருது. படிச்ச வரியையே மறுக்கா மறுக்காப் படிக்கிறேன். லைப்ரரியில ஆள் இல்லாதப்பதான் நாலு பக்கம் ஓடும். அதான் பேச வேணாம், பேச வேணாம்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுக் கெடந்தேன்."

"டாக்டரைப் பாத்தீங்களா?"

"மதுரைக்கு ஒரு சோலியாப் போனப்ப நானாப் போய்ப் பாத்தேன். காது நல்லாத்தான் கேக்குது, வயசானா சிலருக்கு வரும், பழகிக்கங்கன்னாரு. எப்படிப் பழகுறதுன்னு சொல்லல. மகன்கள்கிட்ட சொல்லல. சொன்னா ஊர் ஊரா இழுத்துட்டு அலைவானுங்க."

டீயோடு வந்த அவர் மனைவி நின்றார். "எங்கிட்டயும்தான் சொல்லல. ராத்திரி எந்திரிச்சு உக்காந்துக்குவாக. கடை நெனப்புன்னு நெனைச்சுக்கிட்டேன்" என்றார். பாய் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மா எனக்கு டீயைக் கொடுத்துவிட்டு, அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எங்க சிஸ்டர்ட்ட கேட்டுப் பாக்கட்டுமா?" என்றேன். "ஆஸ்பத்திரியில காது டாக்டர் இருக்காரு."

"கேளுங்க. யாருக்குன்னு சொல்ல வேணாம்."

சிஸ்டரிடம், எனக்குத் தெரிந்த ஒருவருக்கு என்று சொல்லித்தான் கேட்டேன். அடுத்த முறை வந்தபோது, காது டாக்டர் சொன்னதைச் சொன்னார். பரிசோதனைகளை ஒருமுறை முழுதாகச் செய்துவிடுவது நல்லது. மற்றபடி, அமைதியைத் தேடிப் போனால் அந்தச் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும். பக்கத்தில் மெலிசாக ஏதாவது ஒரு சத்தம் ஓடிக்கொண்டிருந்தால் மனம் இதை விட்டுவிடும். சிலருக்கு ஃபேன், சிலருக்கு ரேடியோ, சிலருக்குப் பாட்டு. எல்லோருக்கும் ஒரே மாதிரி கேட்காது, முயன்றுதான் பார்க்க வேண்டும்.

"பாயைக் கூட்டிட்டு வாங்கக்கா" என்று முடித்தார்.

"நான் பேரைச் சொல்லலையே."

"எனக்கு விளங்குது. நான் வாசிக்க உக்காந்தா அவரு கையால ஒரு காதை மட்டும் பொத்துவாரு. பாட்டுப் பிடிக்காதவங்க ரெண்டு காதையும்ல பொத்துவாங்க."

டாக்டர் சொன்னதையும், சிஸ்டருக்கே ஆள் தெரிந்துவிட்டதையும் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். பாய் நம்பவில்லை. சத்தத்துக்கு மருந்து சத்தமா என்று கேட்டார். பரிசோதனைக்கு மட்டும் மனைவி அவரை அழைத்துப் போனார். பயப்பட ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது. ஆனால் நூலகத்துக்கு வருவதாகச் சொல்லவில்லை.

ஒரு மத்தியானம், கப்பல் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார். மழை வரும்போல இருந்ததால் வேறு யாரும் இல்லை. சிஸ்டர் மட்டும் டியூட்டி முடிந்து வந்து, ஒரு நாவலைத் தேடிக்கொண்டிருந்தார். பாய் திரும்பிப் போகப் படியில் காலை வைப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் நாங்கள் பேசியது எங்களுக்கே கேட்கவில்லை. வேறு வழியில்லாமல் உட்கார்ந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். நான் கூரை ஒழுகும் இடத்தில் வாளியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கும்போது நன்றாகப் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தைத் திருப்பினார், இன்னொன்றைத் திருப்பினார்.

மழை குறைந்து தூறலானது. பாய் தலையை நிமிர்த்தினார். கை காதுக்குப் போயிற்று.

"மழை பெய்யுறப்ப அமுங்கிக் கெடந்துச்சு. இப்ப மறுபடியும் வந்துருச்சு" என்றார்.

சிஸ்டர் என்னிடம் கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன். அவர் பியானோவைத் திறந்து, பாயிடம் ஒன்றும் கேட்காமலேயே மெதுவாக வாசிக்கத் தொடங்கினார். பாய் முகத்தைச் சுளித்தார்.

"அந்த மேல் கட்டையெல்லாம் காதுல குத்துது. அதும் வண்டும் சேந்துக்கிருது."

சிஸ்டர் நாற்காலியை இடது பக்கம் நகர்த்திக்கொண்டார். கனத்த குரல் தரும் கீழ்க் கட்டைகளில் மட்டும் இரண்டு கையாலும் வாசித்தார். பாட்டு என்று சொல்ல முடியாது. மூன்று நான்கு ஸ்வரங்கள் போய்ப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தன. பாய் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் படிக்கவில்லை என்று தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்தைத் திருப்பினார். அப்புறம் எங்கள் இருவரையும் மறந்துவிட்டார்.

போகும்போது சிஸ்டரிடம், "வண்டு போகலம்மா. ஆனா நான் அதைக் கவனிக்காம ஒரு அத்தியாயம் படிச்சு முடிச்சுட்டேன்" என்றார். "இந்தப் பக்கமா எப்ப வாசிப்பீங்கன்னு சொன்னா, நான் அப்ப வாரேன்."

அதிலிருந்து அவர் நாற்காலி மறுபடியும் வடக்குச் சுவருக்கே வந்தது. சிஸ்டர் முதலில் அவருக்காகக் கொஞ்சம் கீழ்க் கட்டைகளில் வாசித்துவிட்டுத்தான் மற்றப் பாட்டுகளுக்குப் போவார். மேல் கட்டைகள் வரும்போது பாய் எழுந்து வெளியே போய் டிரைவர்களோடு நின்றுவிட்டு வருவார். வாசிக்கும்போது யாராவது பேசினால் இப்போது அவர்தான் முதலில் திரும்பிப் பார்ப்பார். வீட்டில் படுக்கும்போது ரேடியோவைச் சன்னமாக வைத்துக்கொள்கிறாராம். அதனால் இப்போது அவர் மனைவிக்குத் தூக்கம் கெடுகிறது. அவர் தூங்குகிறாரே, போகட்டும் என்றார் அந்த அம்மா.

போன வருடம் சிஸ்டருக்கு அரசு வேலை கிடைத்தது. கீழே, திண்டுக்கல் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி. எல்லோருக்கும் சந்தோஷம்தான். கடைசி வாரம் பாய் வழக்கம்போல வந்து உட்கார்ந்து படித்துவிட்டுப் போனார். சிஸ்டர் கிளம்பும் முந்தின நாள் என்னைப் பியானோ முன்னால் உட்காரவைத்தார்.

"எனக்கு இதெல்லாம் வராதுப்பா. சாமி பாட்டுக்கூட எனக்குச் சுருதி சேராது" என்றேன்.

"பாடவா சொன்னேன்? இந்த அஞ்சு கட்டை. இந்த வரிசை. நிறுத்தாமப் போயிட்டு வாங்க, போதும்."

விரல்மேல் விரல் வைத்துக் காட்டினார். அன்று சாயங்காலம் முழுக்க அதையே செய்தேன். மோதிர விரல் மட்டும் சொன்னதைக் கேட்கவே இல்லை.

இப்போது, கூடத்தில் வேலை குறைவாக இருக்கும் நேரம் பார்த்துக் கொஞ்சம் வாசிக்கிறேன். அந்த ஐந்து கட்டைகளைத் தாண்டி எனக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. வங்கி ஊழியர் அதைக் கேட்டுவிட்டு, அடுத்த பாடத்துக்குப் போகலாமே என்று தன்மையாகச் சொன்னார். பாய் புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல், "வேணாம், இது நல்லாருக்கு" என்றார். சில சமயம் யாராவது புத்தகம் கேட்டு வந்துவிடுவார்கள். நான் எழுந்து போய் எடுத்துக் கொடுத்து, பதிவு போட்டுவிட்டு வருவேன். திரும்பி வரும்வரை பாய் படித்துக்கொண்டிருந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு காத்திருப்பார். நான் உட்கார்ந்ததும் விட்ட இடத்திலிருந்து படிப்பார்.